வளிமண்டல மாமியார்

முதல் டம்ளர் தண்ணீர் மேற்பார்வையாளர் அம்மாவின் காலணிக்குள் போனது.

"பரவாயில்ல, நடத்துங்க," என்றார் அந்த அம்மா நகரத்து மொழியில், காலை உதறிக்கொண்டே.

மொழிச் சிறுபான்மையினரைத் தேடிப்பிடித்து அறிவியல் ஆசிரியர்களாக்கி, வேற்றுமொழி பேசும் அந்த நகரத்தின் பள்ளிகளுக்கு அனுப்பும் பயிற்சியில் நம்மவர் ஒருவர்தான் தமிழர். இன்று தேறினால் வேலை. தேறாவிட்டால் மாமனாரின் டயர் கடை. "காத்தைப் பத்திப் படிச்சவர்தானே, வந்து காத்தடிக்கட்டும்," என்று மாமனார் மகளிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

பயிற்சியில் கேட்டதில் ஒன்றே ஒன்றுதான் அவர் மண்டையில் நின்றிருந்தது. நகரத்துப் பிள்ளைகள் பொல்லாதவர்கள், முகத்தைப் பார்த்தால் ஆளையே விழுங்கிவிடுவார்கள், பின்சுவரைப் பார்த்துப் பேசு. நுழைந்ததிலிருந்து அவர் பின்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த ஆணி ஒன்றோடு நல்ல பழக்கமே ஆகிவிட்டது.

சோதனை என்னவோ சுலபம்தான். டம்ளர் நிறையத் தண்ணீர், மேலே ஓர் அட்டை. தலைகீழாகக் கவிழ்த்தால் வெளிக்காற்றின் அழுத்தம் அட்டையைத் தாங்கிப் பிடிக்கும். வீட்டில் மனைவி முன்னால் பிரமாதமாகத் தாங்கியது.

இரண்டாவது டம்ளரை எடுத்துக்கொண்டு நகரத்து மொழியில் முழங்கினார். "நம்ம எல்லார் தலைமேலயும் எப்பவும் ஒரு மாமியார் இருந்துக்கிட்டே இருக்காங்க."

அந்த மொழியில் அழுத்தத்துக்கும் மாமியாருக்கும் ஒரு குறில் நெடில்தான் வித்தியாசம். மேற்பார்வையாளரின் பேனா நின்றது.

"யாரு?"

"மாமியார், மேடம். கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. ஆனா எல்லாப் பக்கமும் இருப்பாங்க."

வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. பார்த்துச் சிரிக்கக்கூட லாயக்கில்லாதவன் என்று முடிவுகட்டிவிட்டார்கள் போலும்.

அந்தப் பதற்றத்திலேயே கவிழ்த்தார். தண்ணீர் அவர் கால்சட்டையில், நனையக்கூடாத இடமாகப் பார்த்து விழுந்தது.

"மடையா, விளிம்பை நனைக்காம அட்டையை வச்சா இடுக்குல காத்து புகுந்துடாதா? காத்து உள்ள போயிட்டா வெளிக்காத்து எப்படிடா தாங்கும்?" என்று தன்னையே தமிழில் திட்டிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்து முடித்தபிறகுதான் அது மேற்பார்வையாளரின் சால்வை என்று தெரிந்தது.

மூன்றாவது முறை விளிம்பை நனைத்து, வளையாத அட்டையாகத் தேடிவைத்துக் கவிழ்த்தார். தண்ணீர் அப்படியே நின்றது.

"அடப்பாவி, நிக்குதே. நெசமாவே கீழேருந்து காத்துதான் தள்ளுது," என்று முணுமுணுத்தபடி, கண்ணால் பார்த்தே தீருவது என்று டம்ளரைத் தலைக்குமேல் தூக்கி அண்ணாந்தார். டம்ளர் சாய்ந்து அட்டை நழுவியது. மீதிப் பாடத்தை ஈரத்தலையோடு நடத்தினார்.

மணியடித்ததும் மேற்பார்வையாளர் சால்வையைப் பிழிந்துகொண்டே எழுந்தார்.

"தேறிட்டீங்க. இந்த வகுப்பு யார் பேச்சையும் இப்படி வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டதில்ல. உங்க பேச்சுல என்னமோ இருக்கு."

அவர் போனதும் நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவழியாக நகரத்து மொழி வசப்பட்டுவிட்டது. அந்தத் தைரியத்தில் முதன்முறையாகப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தமிழில் சொன்னாள்: "சார், நாங்க எல்லாரும் இந்த ஊருக்குப் புதுசு, அந்த மொழி எங்களுக்கு இன்னும் புரியாது, நாளைக்கும் உங்களை நீங்களே திட்டிக்குங்க சார், அதுலதான் பாடம் புரிஞ்சுது."