கோரையேரியின் இதயம்

உலகத்தில் ஏரிகள் எத்தனையோ உண்டு. இதயம் உள்ள ஏரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், பாகூருக்குத் தெற்கே இருந்த கோரையேரிதான் அது. பிரம்மாவுக்கு மட்டுமே கைவந்த இதயம் படைக்கும் வேலையை ஒரே ஒரு தீர்மானத்தில் செய்து முடித்தவர் ஏரிச் சங்கத் தலைவர் சுப்பராயலு. ஒருமுறை புதுச்சேரிக்குப் போய்த் தொப்பியோடு திரும்பியதால் ஊர் அவரைப் பிரெஞ்சுத் துரைகளை அழைப்பதுபோல் 'முசியே' என்றே அழைத்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதாக என்றால், பச்சையப்பன் முதலில் கைதட்டினார், மற்றவர்கள் பிறகு தட்டினார்கள் என்று பொருள்.

பச்சையப்பன் கடைமடைக்காரர். வாய்க்கால் முடிகிற இடத்தில் அவருக்குக் கொஞ்சம் நெல். முசியே தும்மினாலும் அதில் ஒரு கருத்து இருக்கும் என்று நம்புகிற நல்ல மனிதர்.

எல்லாவற்றுக்கும் காரணம், காய்ச்சல் பார்க்க ஊருக்கு வந்த டாக்டர் மரியதாஸ். காய்ச்சல்காரர்களை வரிசையில் நிறுத்திவிட்டு முசியே தன் மார்பைத்தான் முதலில் காட்டினார். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார்.

"சுத்தமான இதயம், முசியே. ஒரு கசிவும் இல்லை."

"கசிவுன்னா இன்னா?"

கேட்டிருக்கக் கூடாது. டாக்டருக்கும் விளக்கம் சொல்ல ஆள் கிடைக்காமல் இருந்தது.

"இதயத்துல மேலே ரெண்டு அறை, கீழே ரெண்டு அறை. நடுவுல கதவு திறந்திருக்கும்போது இரத்தம் தானா இறங்கிக் கீழறை நிரம்பும். கடைசியில மேலறை கொஞ்சம் தள்ளி விடும். அப்புறம் கீழறை இறுகும். உடனே அந்த உள்கதவு சாத்திக்கும். அதுதான் 'லப்'. இரத்தம் வெளிக்கதவு வழியா உடம்புக்குப் பாயும். பாய்ஞ்சதும் வெளிக்கதவு சாத்திக்கும். அது 'டப்'. நமக்குக் கேக்கறது கதவு சாத்தற சத்தந்தான், முசியே. நடுவுல 'உஸ்'ன்னு கேட்டா, போகக்கூடாத பக்கம் இரத்தம் போகுதோன்னு சந்தேகப்படணும்."

அவர் வண்டியேறிப் போய்விட்டார். மறுநாளே அவசரக் கூட்டம்.

"இத்தனை வருசமா நம்ம தண்ணி எப்படிப் போவுது?" என்று முசியே கேட்டார். "மதகைத் தூக்கினா சும்மா போவுது. ஒரு ஒழுங்கு உண்டா? ஒரு நாடி உண்டா? பொணத்துக்கும் நம்ம வாய்க்காலுக்கும் இன்னா வித்தியாசம்?"

"பொணம் ஓடாதுங்களே," என்றார் சங்க உறுப்பினர் பக்கிரி.

அந்தக் கருத்து ஒழுங்கீனமானது என்று ஒதுக்கப்பட்டது. ஏரிக்கும் ஒரு இதயம் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. பச்சையப்பன் கைதட்டினார்.

மதகுக்குக் கீழே, முசியேவின் கரும்புத் தோட்டத்தை ஒட்டி, செங்கல் தொட்டி ஒன்று எழும்பியது. தொட்டிக்கு உள்கதவு, வெளிக்கதவு. இரண்டும் இரும்புப் பட்டை போட்ட தேக்கு. தொட்டி நிரம்பியதும் பக்கிரி உள்கதவை அறைந்து சாத்துவார். அவர் 'லப்' உத்தியோகஸ்தர். வெளிக்கதவு வழியாகத் தண்ணீர் போனதும் இன்னொரு உறுப்பினர் தங்கவேல் அதை அறைந்து சாத்துவார். அவர் 'டப்' உத்தியோகஸ்தர். இதயத்தின் ஆரோக்கியத்தைக் கவனிக்க, பச்சையப்பன் 'செவி உறுப்பினர்' ஆனார். அவர் கையில் ஒரு பப்பாளித் தண்டு கொடுக்கப்பட்டது. ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், புதுச்சேரி டாக்டர்களே எழுந்து இடம் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

சத்தம் பக்கத்து ஊர் வரை போயிற்று. தண்ணீர் கடைமடை வரை வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லக் கூடாது. தண்ணீரைவிடச் சத்தம் வேகமாகப் போகும் என்பது இயற்கை.

பச்சையப்பனின் மனைவி தையலம்மாளுக்கு இந்த இயற்கை தெரியவில்லை.

"இன்னாயா, லப்பும் கேக்குது, டப்பும் கேக்குது. தண்ணி எங்கயா?"

"இதயம் ஜம்முனு அடிக்குதுடி. உனக்குத்தான் பொறுமை இல்ல."

"பயிரு பால் புடிக்கற நேரம். மண்ணு வெடிச்சுக் கெடக்குது. இது போச்சுன்னா உலையில இன்னாத்தப் போடறது? லப்பையா, டப்பையா?"

பச்சையப்பன் பப்பாளித் தண்டை எடுத்துக்கொண்டு உத்தியோகத்துக்குப் போனார். அன்றைக்குத்தான் அது கேட்டது. லப்... உஸ்ஸ்... டப். மறுபடி கேட்டார். லப்... உஸ்ஸ்... டப். தண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதறி எழுந்தார். பயிருக்காக அல்ல, பாவம், இதயத்துக்காக. முசியேவிடம் ஓடினார்.

"முசியே, நடுவுல உஸ்ஸுன்னு கேக்குதுங்க."

"அது காத்து."

"டாக்டர் சொன்னாருங்களே..."

"டாக்டர் சொன்னது மனுச இதயத்துக்கு. ஏரி இதயத்துக்கு நான் சொல்றதுதான்."

பச்சையப்பன் நிம்மதியாக வீடு திரும்பி, நடந்ததைப் பெருமையோடு சொன்னார். தையலம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்தப் பக்கமா கேக்குது, அந்த உஸ்ஸு?"

"கரும்புப் பக்கமா."

தையலம்மாள் எழுந்தாள். மண்வெட்டி எங்கே என்று தேடினாள்.

அடுத்த நாள் 'இதய விழா'. டாக்டர் மரியதாஸ் தலைமை விருந்தினர். பந்தலில் முசியே பேசினார். பின்னணியில் லப்பும் டப்பும் தாளம் போட்டன.

"இந்தச் சத்தம் உள்ளவரை கோரையேரிக்குச் சாவு கிடையாது..."

சத்தம் நின்றது.

பந்தலே அடுத்த லப்புக்காகக் காத்து உட்கார்ந்தது; கால்மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பக்கிரியும் தங்கவேலும் வாயைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தார்கள். "வடை ஆறிப்போவுதாம், நீங்க போங்க, கதவ நான் பாத்துக்கறேன்னு தையலம்மாதான் அனுப்பிச்சாங்க," என்றார் பக்கிரி.

"ஓடுங்கப்பா, நின்னுபோச்சு," என்று முசியே தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஊரே ஓடியது.

தொட்டிக்கரையில் தையலம்மாள் சேலையை வரிந்து கட்டி நின்றாள். இரண்டு கதவுகளும் கழற்றப்பட்டுக் கரையில் கிடந்தன. பக்கத்தில், தொட்டியின் கரும்புப் பக்கச் சுவரிலிருந்து பிடுங்கிய சுட்ட மண்குழாய் ஒன்று. அது இருந்த ஓட்டையில் வைக்கோலும் களிமண்ணும் அடைத்திருந்தன. அந்தக் கோடையிலும் முசியேவின் கரும்பு ஆள் உயரம் தாண்டிக் குளுகுளுவென்று நின்றது. தண்ணீர் ஒரு சத்தமும் போடாமல் கடைமடையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"கொலை பண்ணிட்டியேம்மா," என்றார் முசியே. "டாக்டர், நீங்களாவது சொல்லுங்க."

டாக்டர் மண்குழாயைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார், தன் குழாயை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாரும் வழக்கப்படி பச்சையப்பனின் கையைப் பார்த்தார்கள். அவர் தட்டவில்லை. பப்பாளித் தண்டை முசியேவின் காலடியில் மெதுவாக வைத்தார்.

"டாக்டர் அன்னிக்கே சரியாத்தான் சொன்னாரு, முசியே. ஒங்க இதயத்துல ஒரு கசிவும் கெடையாது. ஊரு பயிரு மொத்தமும் காஞ்சாலும், அதுலேருந்து ஒரு சொட்டு வெளிய வராது."