அப்பாவுக்கு ஒரு கொடுவா வேண்டும்

அஜ்மான்,
9-11-2009

அன்புள்ள தியாகு மாமாவுக்கு,

சீதாலட்சுமி எழுதுகிறேன். இப்படித் திடீரென்று கடிதம் போடுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதம் என்றாலே யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று அத்தை கையைக் காலை உதறிக்கொள்வார்கள் என்று தெரியும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் கட்டைவிரலில் மட்டும் ஒரு சின்னக் கட்டு, அந்தக் கதை கீழே வருகிறது. போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உங்களுக்குப் போன் வருவது மீனவர் சங்க ஆபீசுக்கு. நீங்கள் பேசினால் எடை போடுகிறவரிலிருந்து ஐஸ் உடைக்கிறவர் வரை எல்லாரும் கேட்பார்கள், கேட்டுவிட்டு ஆளுக்கொரு பதிலும் சொல்வார்கள். இங்கேயோ போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. எதிரில் ஆள் இருந்தால் நான் பாதிப் பேச்சை விழுங்கிவிடுவேன் என்று நீங்களே கேலி செய்வீர்கள். காகிதத்தில் அந்தச் சிரமம் இல்லை.

நீங்களும் அத்தையும் நலமா, அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது, புதுப் பரிசல் ஒழுகாமல் இருக்கிறதா என்பதை எல்லாம் எழுதுங்கள். அம்மாவுக்கு மூட்டுவலி ஏசியினால் கொஞ்சம் கூடுதல், மற்றபடி சுகம். நான் ஷார்ஜாவில் அதே கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 'நம்ம குடும்பத்துல மொத டிகிரி' என்று அப்பா இன்னமும் லிப்டில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெயில் தணிந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைக்கலாம் போல இருக்கிறது.

இனி விஷயம். பெரிய அணை ஒன்றில், ஐப்பசி மாதத்தில், தண்ணீர் சூடு ஆறிவரும்போது, கொடுவா எங்கே நிற்கும், எதைத் தின்னும், அதை எப்படிப் பிடிப்பது? கொடுவா உங்கள் அணையில் கிடையாது என்று தெரியும். ஆனாலும் பெரிய தண்ணீரும் பெரிய மீனும் உங்களுக்குப் பழக்கம். சிரிக்காதீர்கள் மாமா. என் கல்யாணம் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஜாதகம் வந்தது அல்லவா, சத்தியமங்கலத்துக்காரர், பெயர் விஜயபாஸ்கர், துபாயில் ஏசி கம்பெனியில் வரைபடம் போடுகிறவர், கராமாவில் நண்பர்களோடு ரூமில் இருக்கிறார். ஜாதகம் பொருந்திவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பாவை உங்களுக்குத் தெரியும். ஒரு வெல்டரை வேலைக்கு எடுப்பதானால் அவர் சர்டிபிகேட்டைப் பார்க்கமாட்டார், ஒரு துண்டு இரும்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் நின்றுகொள்வார். அவர் ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருந்து இத்தனை வருஷமாக ஆள் எடுப்பது அப்படித்தான். மாப்பிள்ளைக்கும் அதே டெஸ்ட்தான் என்றார். விஜயபாஸ்கர் வெள்ளிக்கிழமைதோறும் மலைப்பக்கத்து அணை ஒன்றுக்கு மீன் பிடிக்கப் போகிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். பெரிய அணை, கொடுவாக் குஞ்சு விட்டு வளர்த்திருக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் சீ பாஸ் என்கிறார்கள், வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். 'மீன் மாட்டாத நேரத்துல ஒருத்தன் எப்படி உக்காந்திருக்கான்னு பாத்தா போதும், குடும்பம் நடத்துவானான்னு சொல்லிருவேன்' என்று அப்பா புதுத் தூண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாம் யார் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்கும் அம்மாவுக்கும் கார் முழுக்கப் பாடம் நடந்தது.

முதல் வெள்ளிக்கிழமை கரை முழுவதும் காலியாகக் கிடந்தது. அப்பா நேராகப் போய் விஜயபாஸ்கருக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மாப்பிள்ளையின் போட்டோவை எடுத்து, அவரைப் பார்த்து, போட்டோவைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு திரும்பப் பையில் வைத்தார். அவர் மரியாதையாக, சாருக்கு எந்த ஊர் என்று கேட்டார். ஓமலூர் என்றால் ஜாதகத்தில் இருக்கும் ஊர் ஆயிற்றே என்று அப்பா உங்கள் மேட்டூரைச் சொல்லிவிட்டார். அங்கேதான் வினை. 'அப்ப மீன் பிடிக்கிறதெல்லாம் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடுங்க' என்று அவர் சந்தோஷப்பட, அப்பா அணைக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவராக மாறிவிட்டார். உங்கள் கதைகள் ஒன்றுவிடாமல் வெளியே வந்தன மாமா. நீங்கள் தனியாளாக அந்தப் பெரிய வாளையை இழுத்தீர்களே, அந்தக் கதையில் இப்போது அப்பாதான் இழுக்கிறார். நீங்கள் பரிசலில் உட்கார்ந்து அழுகிறீர்கள். என் மச்சினனுக்குத் தண்ணி என்றாலே பயம் என்று வேறு சொல்லிவிட்டார். கோபப்படாதீர்கள், அடுத்த நிமிஷமே தண்டனை கிடைத்துவிட்டது. கதை முடிந்து வீசிய முதல் வீச்சில் முள் தண்ணீருக்குப் போகாமல் அவருடைய கட்டைவிரலுக்கே வந்தது. விஜயபாஸ்கர் பெட்டியிலிருந்து ஒரு குறடு எடுத்து, கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே, முள்ளின் கொக்கியை நறுக்கிப் பக்குவமாக உருவிவிட்டார். காட்டிக்கொள்ளக் கூடாது என்றிருந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'கை கழுவிட்டு வாங்க தம்பி' என்று புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டுக் கொடுத்துவிட்டாள். சாப்பிட்ட தட்டை அவர் தானே கழுவிக்கொண்டு வந்ததை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவருக்கு இரண்டு கொடுவா. அப்பாவுக்குக் கட்டைவிரல்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அப்பா தயாரிப்போடு வந்தார். கோதுமை மாவில் பெருங்காயமும் கருவாட்டுப் பொடியும் போட்டுப் பிசைந்து, எங்கள் பிளாட்டுக்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டும்படியான ஒரு உருண்டை. விஜயபாஸ்கர் போடுவது ரப்பர் மீன், வெள்ளி மாதிரி மின்னும், இழுத்தால் வாலை ஆட்டும். பிளாஸ்டிக்கைத் தின்ன மீனுக்குப் பைத்தியமா என்று அப்பா கேட்டார். அது அவர் காதில் விழுந்திருக்கும், சிரித்த மாதிரி இருந்தது. பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார். ஐப்பசி மழைக்குப் புதுத்தண்ணி வரும், வருகிற முகத்தில் மீன் எதிர்த்து ஏறும், அங்கே போய் உட்கார்ந்தால் அள்ளிக்கொண்டு வரலாம் என்று நீங்கள் எப்போதோ சொன்னதை நினைத்துக்கொண்டு, ஆறு வந்து சேரும் வாய் எது என்று தேடி, எங்களைக் கூட்டிக்கொண்டு அணையின் மறுகோடிக்கு நடந்தார். ஆற்றின் வாய் இருந்தது. ஆறு இல்லை. வெறும் கல், நடுவில் ஒரு வேலாமரம், அதன் நிழலில் ஒரு ஆடு. வானத்தில் பெயருக்குக்கூட மேகம் இல்லை. அப்பா குடையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை மழைக்காகக் காத்திருந்தார். காவலுக்கு இருக்கும் பாகிஸ்தான்காரப் பட்டாணி ஒருவர் அந்தப் பக்கமாக வந்தவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, 'பானி மாஃபி, பாய்', தண்ணீர் கிடையாது என்றார். எப்போது வரும் என்று அப்பா இந்தியில் கேட்டார். பிப்ரவரியில் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று அவர் சொன்னார். 'ஐப்பசியில வராத தண்ணி என்ன தண்ணி' என்று அப்பாவுக்கு இந்த நாட்டின் மேலேயே வருத்தமாகிவிட்டது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை, அதாவது மூன்று நாளைக்கு முன்னால், அப்பாவின் தூண்டில் நரம்பும் விஜயபாஸ்கரின் நரம்பும் தண்ணீருக்கடியில் சிக்கிக்கொண்டன. இரண்டு பேருமே பெரிய மீன் என்று நினைத்து, கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் இழுத்தார்கள். அவர் விட்டுக்கொடுத்தால் அப்பா பின்னால் சாய்கிறார், அப்பா விட்டுக்கொடுத்தால் அவர் தண்ணீரில் இறங்குகிறார். 'விடாதீங்க சார், பெரிசு' என்று அவர் உற்சாகப்படுத்திக்கொண்டே இழுத்தது அப்பாவை இன்னும் கொன்றுவிட்டது. கடைசியில் ரப்பர் மீனும் மாவு உருண்டையும் கட்டிக்கொண்டு மேலே வந்தன. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அல்லது கொஞ்சம்தான் சிரித்தேன்.

காரில் வரும்போது அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பையன் தங்கம், டெஸ்டில் பாஸ், அதில் சந்தேகமில்லை. ஆனால் தான் ஒரு மீன் பிடிக்கும்வரை பையனுடைய அப்பாவிடம் பேசப்போவதில்லை. 'நாளைக்கு மாப்பிள்ளைன்னு வந்து நிக்கிறப்ப, மேட்டூர்க்காரன்னு பீத்திக்கிட்டு ஒரு பொடிமீன்கூடப் பிடிக்காத ஆளுன்னு மனசுல நெனைக்கமாட்டானா? நான் எப்படி மாமனாரா உக்கார்றது?' அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கலாஸ், பேச்சு முடிந்தது என்றுவிட்டார். பையன் வீட்டிலோ கார்த்திகை பிறந்தால் கோபியில் பார்த்து வைத்திருக்கும் பெண்ணுக்குச் சரி என்று சொல்லப்போகிறார்களாம். ஐப்பசியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

தபால் அதற்குள் வந்து சேருமோ என்னமோ, இருந்தாலும் அதனால்தான் கேட்கிறேன். எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது, சும்மா உட்கார்ந்திருந்ததில் கண்ணில் பட்டதை எழுதுகிறேன், சரியா என்று சொல்லுங்கள். காலையில் பெரிய மீன் புரளுகிற சத்தம் நடு அணையில்தான் கேட்கிறது. பத்து மணிக்கு மேல் வடக்குக் காற்று கிளம்பியதும் பொடிமீன் எல்லாம் கூட்டமாக நாணல் இருக்கிற ஒரு மூலைக்கு ஒதுங்குகிறது. அங்கே ஆழம் முழங்கால்தான். உடனே நாலைந்து கொக்கு வந்து அங்கே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பொடிமீன் பயந்து தெறிக்கிறது, ஆனால் கொக்கு அசையாமல்தான் நிற்கிறது. அப்படியானால் கீழே இருந்து எதுவோ துரத்த வேண்டும் அல்லவா? வெயில் காலமெல்லாம் ஆழத்தில் கிடந்தது இரைக்குப் பின்னாலேயே கரைக்கு வருகிறதோ? அப்பாவிடம் சொன்னேன். 'அது கொக்கு நிக்கிற எடம், மனுசன் போய் உக்காருவானா' என்றுவிட்டார்.

மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை. கேட்டால் குறைகள்தான் சொல்ல வரும். மீன் பிடிக்கும்போது உலகமே அவருக்கு ஞாபகமில்லை. டீயில் பிஸ்கட்டை முக்கி, அது உடைந்து விழுந்தால் கரண்டியால் துழாவுகிறார். பிடித்த மீனோடு பேசுகிறார், 'வலிக்குதா, இரு இரு' என்று. என்னிடம் மூன்று வெள்ளிக்கிழமையும் சேர்த்துச் சொன்னது ஒரே வாக்கியம்: 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முள்ளு வரும்.' இது ஒத்துவராது என்று உங்களுக்குத் தோன்றினால் அப்பாவுக்கு அப்படியே எழுதிவிடுங்கள், கோபிப் பெண்ணாவது நன்றாக இருக்கட்டும். இல்லை, மீன் பிடிக்கிற வழி தெரிந்தால் அதை எழுதுங்கள். எனக்கு எதுவானாலும் சரிதான்.

உங்கள் வலை கிழியாமலும், பரிசல் ஒழுகாமலும், அத்தைக்கு உங்களைத் தேடிக் கரைக்கு வரும் வேலை இல்லாமலும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் அக்கா மகள்,
சீதா

பின்குறிப்பு, 14ஆம் தேதி, சனிக்கிழமை: தபால்தலை வாங்கக் கூச்சப்பட்டுக்கொண்டே இருந்ததில் இந்தக் கடிதம் கைப்பையிலேயே தங்கிவிட்டது. அதற்குள் கடைசி வெள்ளிக்கிழமையும் வந்து போய்விட்டது. மேலே கேட்ட எதற்கும் பதில் வேண்டாம் மாமா.

நேற்று புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு அப்பா குடை நிழலில் தூங்கிப்போனார். அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டாள், தூங்கினாளா என்று தெரியாது. நான் அப்பாவின் தூண்டிலை எடுத்துக்கொண்டு கொக்கு மூலைக்குப் போனேன். பின்னாலேயே விஜயபாஸ்கர் வந்து ஒரு ரப்பர் மீனை நீட்டினார், மாட்டவும் காட்டிக்கொடுத்தார். நாலாவது வீச்சில் கை வெடுக்கென்றது. கொடுவாதான். கொக்கு எல்லாம் பறந்துவிட்டது. மீனைக் கரையேற்ற வேண்டாம், அப்பா கையில் கொடுக்க வேண்டும் என்றேன். இரண்டு பேருமாக, கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போவது போல அதைத் தண்ணீரிலேயே கரையோரமாக நடத்திக்கொண்டு வந்தோம். அப்போதுதான் அவர் சொன்னார்.

'மொத வெள்ளிக்கிழமையே தெரியுமுங்க. உங்கப்பா சட்டைப் பையில இருந்து என் போட்டோ என்னையே பாத்துட்டு இருந்துச்சு.'

'அப்ப ஏன் சொல்லல?'

'சொல்லியிருந்தா மறுவாரம் வந்திருப்பீங்களா?'

வந்த பதிலை வழக்கம்போல விழுங்கிவிட்டு மீனை நடத்தினேன். தூண்டிலை அப்பாவின் கைக்குள் வைத்து எழுப்பினோம். அவர் இழுத்த இழுப்பைப் பார்த்திருந்தால் உங்கள் வாளைக் கதையை நீங்களே அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். கொடுவாவின் வாயில் இருந்த ரப்பர் மீனைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தார். 'மாவைத் தின்னுட்டு, மேலுக்கு இதையும் கடிச்சிருக்கு' என்றார். விஜயபாஸ்கர், 'ஆமாங்க சார், மாவுதான்' என்றார்.

இப்போது எல்லாம் முடிவாகிவிட்டது. அவர் வீட்டில் சரி, தரகர் சரி, அம்மா சரி, அப்பா சரி, கொடுவாவும் சரி என்றுவிட்டது. தாய்மாமன் சம்மதம் கேட்க அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் போன் செய்வார். என்னை மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. தப்பாக எதுவும் இல்லை, மீன் வேலையில் மறந்துவிட்டார்கள். நீங்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள் மாமா. உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். 'போனைச் சீதாகிட்ட குடுங்க மச்சான், அவளைக் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, என்னைக் கேளுங்கள். எடை போடுகிறவரும் ஐஸ் உடைக்கிறவரும் கேட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. பதில் தயாராக இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஒரு ஆள் வேண்டும்.