யுவஸ்ரீக்குப் போன் பார்த்த கதை

மரியாதைக்குரிய பாவா பாலசுப்பிரமணியன் அவர்களுக்கு,

திருத்தணியிலிருந்து உங்கள் மைத்துனன் வேணு வணங்கி எழுதுவது. இங்கே நானும் கவிதாவும் வயலில் கரும்பும் நலம். அங்கே அக்காவின் ரத்தக் கொதிப்பும் உங்கள் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கத் தணிகை முருகன் துணை நிற்கட்டும். கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை, பாவா. கோபித்துக்கொள்ள வேண்டாம், முப்பது வருஷமாக நடப்பதைத்தான் சொல்கிறேன்.

நம் யுவஸ்ரீ டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம் வந்து வார்டு வார்டாகப் போகத் தொடங்கியதிலிருந்து, சாயங்காலம் கூப்பிட்டால் அவள் போன் அணைந்து கிடக்கிறது. மகள் குரலைக் கேட்காமல் கவிதா சோற்றில் கை வைப்பதில்லை. எனக்கும் அதே ஏக்கம்தான், ஆனால் நான் சாப்பிட்டுவிடுவேன். சரி, புதுப் போன் வாங்கிவிடலாம் என்றால் நீங்கள் கேமராவைப் பார் என்றீர்கள். அவளோ, "வார்டுல போட்டோல்லாம் எடுக்கக் கூடாது நைனா. மருந்து அளவு பாக்கணும், புக்கு படிக்கணும், ஸ்பிரிட் போட்டுத் தொடச்சா கெடக் கூடாது, குனிஞ்சா கோட் பாக்கெட்லேர்ந்து விழக் கூடாது" என்றாள். குனிந்தால் விழுமா என்பதைக் கடைக்காரர் எப்படிச் சொல்வார்? அதனால் அவளுடைய பழைய வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நஜீர் அகமது கடைக்குப் போய், அதை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு போனாகப் பாக்கெட்டில் போட்டுக் குனிந்து குனிந்து நிமிர்ந்தேன். ஆறாவது போனுக்குக் குனியும்போது, ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு அம்மா, "டாக்டரே, ரெண்டு மாசமா முட்டி வலிங்க" என்று காலை நீட்டிவிட்டார். நான் டாக்டர் இல்லை என்றேன். "லீவு நாள்ல கேட்டா இப்டித்தான் சொல்வாங்க" என்று நஜீரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மகளையே கேட்டுவிடலாம் என்று அங்கிருந்தே கூப்பிட்டேன். எடுத்தது ஒரு ஆண் குரல். இது என் மகள் போனாச்சே, நீங்கள் யார் என்றேன்.

"ஆங், டாக்டரம்மா போனுதாங்க. அவங்க பெரிய டாக்டர் கூட ரவுண்ட்ஸ் போய்க்கினு கீறாங்க. நமக்குப் பள்ளிப்பட்டு, இந்த வார்டுலதான் படுத்துக்கினு கீறேன். என் போன யாரோ அடிச்சிட்டாங்க, நாலு நாளா ஊட்டுக்காரிகிட்ட பேசல. அதான் அம்மா குடுத்தாங்க. சீக்கிரம் வைங்க சாமி, எனக்கு அப்புறம் இன்னும் மூணு பேரு நிக்கிறாங்க."

சாயங்காலம் போன் ஏன் அணைகிறது என்று அப்போதுதான் புரிந்தது, பாவா. கோபம் வரும் என்று பார்த்தேன், கண்ணீர்தான் வந்தது. என் மகளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு கடை நடுவில் நான் அழுவதைப் பார்த்து முட்டி வலி அம்மா நடுங்கிப்போய், "டாக்டரே, என் முட்டி அவ்ளோ மோசமாவா கீது?" என்று கேட்டார். அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

அப்புறம் நஜீரிடம், "நாலு பேரு பேசினாலும் சார்ஜ் நிக்கணும், காது கேக்காதவங்களுக்கும் கேக்கணும்" என்று சொல்லி ஒரு போனை வாங்கிவிட்டேன். செங்கல் கனம். கவிதா கோட் பாக்கெட்டுக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு நீங்களும் அக்காவும் ஆவடியிலிருந்து வந்து, உங்கள் கையால் இதைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். வீட்டில் எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நூறு வருஷம் இருங்கள்.

அன்புள்ள,
வேணு

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. பொறுக்க முடியாமல் நேற்று நாங்களே போனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும். யுவஸ்ரீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்த பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டாள். "இது போதும் நைனா. வார்டுல இருக்கறவங்களுக்குப் பேசத்தானே வேணும்? புதுச நீயே வெச்சிக்கோ." நானும் சிம்மோடு கொடுத்துவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு அவள் போனிலிருந்தே கவிதா போனுக்குக் கூப்பிட்டாள். கவிதா நாற்பது நிமிஷம் பேசினாள், எனக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தது. புது சிம் போட்டாயிற்று, ஆனால் புதுப் போனில் வரும் அழைப்பை எப்படி எடுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்கள் கையால் கொடுக்க இனிப் போன் இல்லை, ஆகவே ஞாயிறு வர வேண்டாம். என் பழைய நம்பருக்குக் கூப்பிட்டால் வார்டிலிருந்து யாராவது எடுப்பார்கள். ராங் நம்பர் என்று வைத்துவிடாதீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். நாலு நாளாக யாரோடும் பேசாதவராக இருப்பார். தயவுசெய்து அவரையாவது பேச விடுங்கள், பாவா.