ஆறு டப்பா இமயமலை

பூதப்பாண்டி
5-8-1954

சிரஞ்சீவி சுயம்புவுக்கு அம்மா கோமளவல்லியின் ஆசீர்வாதம். இங்கே என் மூட்டுவலி உட்பட எல்லோரும் சுகம். அங்கே இமயத்துப் பனியில் உன் விரல்கள் இருபதும் எண்ணிக்கை குறையாமல் இருக்கப் பூதலிங்க சுவாமியை வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய ஆறு டப்பா பிலிமும் வந்தன. அவற்றை அப்படியே நாகர்கோவில் ஸ்டூடியோக்காரர் ஏசுஅடிமையிடம் கழுவக் கொடுக்கவேண்டும், அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டும் மலையேறும் குழுவில் உன்னைச் சேர்ப்பார்கள் என்று எழுதியிருந்தாய். கொடுத்திருப்பேன். ஆனால் ஆடிச் சாரலில் நனைந்து வந்த பொட்டலம். ஈரமாக வந்த எதையும் வெயில் காட்டாமல் உள்ளே வைக்கும் வழக்கம் நம் வீட்டில் உண்டா? டப்பாமேல் ஏதோ எழுதியிருந்தது. என் கண்ணாடியோ பழுதுபார்க்கப் போயிருந்தது. வெயில் வந்ததும் முற்றத்தில் பாய் விரித்து, ஆறு சுருளையும் அவிழ்த்து நீட்டி, மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் காயவைத்தேன். காவலுக்கு நின்ற வேலைக்காரி செல்லத்தாய், "இது என்ன வத்தல்ம்மா? ஒரு காக்கா திரும்பிப் பாக்கமாட்டேங்கு" என்றாள். மறுபக்கமும் காயட்டும் என்று புரட்டிப்போடச் சொன்னேன். அந்நேரம் பார்த்து, பிலிமை வாங்கிப்போக ஏசுஅடிமை சைக்கிளில் வந்தார். பாயைப் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன காரியம் செய்திட்டியோ அம்மா! வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சே. இதுல இனி இமயமலையும் இல்ல, நம்மூரு மருத்துவாமலையும் இல்ல."

"கொஞ்சம்கூடத் தேறாதா?"

"மோர்மிளகா தேறும்."

பனியைப் படம் பிடிப்பதும் ஓர் உத்தியோகமா என்று போன வருடம் உன்னை ஏசியவள் நான். வேண்டுமென்றே செய்தேன் என்று நினைப்பாய். இல்லை மக்கா. பத்தொன்பதாயிரம் அடி ஏறி, மூச்சுமுட்ட நின்று நீ எடுத்ததை முற்றத்தில் ஒரு காலைப் பொழுதில் அழித்துவிட்டேன், சோறு இறங்கவில்லை. குற்றம் என்னுடையது, அவனைத் தள்ளிவிடாதீர்கள் என்று உன் குழுத் தலைவருக்கு ஆங்கிலத்தில் எழுதி நேற்றே அனுப்பிவிட்டேன். என் வாழ்நாளில் நான் கேட்ட முதல் மன்னிப்பு அது.

கம்பளிக் காலுறையைக் கழற்றாமல், கண்ணொளி குன்றாமல், ஏறிய மலையெல்லாம் இறங்கி வருவாயாக.

உன் அம்மா,
கோமளவல்லி

பின்குறிப்பு: கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது. வெளிச்சத்தில் திறக்காதே என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை இருமுறை படித்தேன். நான்கு மாதமாக உன் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. மெலிந்துவிட்டாயா என்று ஒரு படத்திலாவது பார்க்கலாமே என்றுதான் திறந்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஈரம் போனால் முகம் தெளியும் என்று காயவைத்தேன். படம் எடுக்கிறவன் படத்தில் இருக்கமாட்டான் என்பதை ஏசுஅடிமை சொல்லித்தான் அறிந்தேன். தலைவருக்கு உண்மையையே எழுதினேன். உனக்குத்தான் எழுதக் கை வரவில்லை.