கடைசிவிலை அண்ணையும் அமெரிக்கக் கல்லூரியும்

"தங்கள் மகள் வேறு கல்லூரியைத் தெரிவுசெய்தது குறித்து வருந்துகிறோம். அவருக்கு எங்கள் நல்வாழ்த்துகள்."

ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மின்னஞ்சலின் பிரதி என்னிடம் இருக்கிறது. கடைசிவிலை அண்ணை தன் வாழ்நாளில் தோற்ற ஒரே பேரத்துக்கு இதுதான் சான்று.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். எதை வாங்கினாலும் "கடைசி விலையைச் சொல்லும்" என்பார். பல் வைத்தியரிடம், "ரெண்டு பல்லையும் சேர்த்துப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்?" என்று கேட்டதற்கு நானே சாட்சி. பழுதானது ஒரு பல்தான்.

அவர் முறை எளிது. விலையைக் கேட்டு முகம் சுளிப்பார். பக்கத்துக் கடை விலையைச் சொல்வார். "அப்ப நாங்கள் வாறம்" என்று திரும்பி, நாலடி மெதுவாக நடப்பார். பின்னால் பார்க்கவே மாட்டார். "அண்ணை, வாங்கோ, வாங்கோ!" என்று குரல் வரும். வராத நாளை நான் கண்டதில்லை.

மனைவி இறந்தபின் வீட்டில் அவரும் மகள் தர்சிகாவும்தான். அவளுக்கு அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்தன. அவள் ஆசைப்பட்ட கல்லூரி உதவித்தொகையைக் கிள்ளிக் கொடுத்தது. மற்றது அள்ளிக் கொடுத்தது. அண்ணையின் ஒற்றைச் சம்பளத்தில் ஆசைப்பட்டதற்குப் போக வழியில்லை.

"மாமா, மற்றதின்ரை ஓஃபரைக் காட்டி, திரும்ப யோசியுங்கோ எண்டு கேக்கலாமாம்" என்று தர்சிகா என்னிடம் சொன்னது அண்ணையின் காதில் விழுந்துவிட்டது.

"என்னது, கம்பஸிலையும் பேரம் பேசலாமோ?" இருபது வயது குறைந்துவிட்டது அவருக்கு.

"அப்பா, ப்ளீஸ்! இது மீன்கடை இல்லை. நான் ஈமெயில் போடுறன்."

"நீ சும்மா இரு பிள்ளை."

அவள் ஆசைப்பட்ட கல்லூரியை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். மற்றக் கல்லூரியின் தொகையைச் சொன்னார். உதவித்தொகை அலுவலகப் பெண், "அந்தக் கடிதத்தை அனுப்புங்கள், மறுபரிசீலனை செய்கிறோம்" என்றாள். பேரம் அங்கேயே படிந்துவிட்டது. ஆனால் அண்ணை இன்னும் நடக்கவில்லையே! "வேண்டாம், நாங்கள் அங்கையே போறம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் போனை வைத்தார். பிறகு எழுந்து வாசல்வரை மெதுவாக நடந்தார்.

"இப்ப கூப்பிடுவினம் பாரும்."

கூப்பிடவில்லை. மின்னஞ்சல்தான் வந்தது.

தர்சிகா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் "ஏலாது" என்ற ஒரு சொல். அண்ணை என்னிடம் ஓடிவந்தார். "நான் உண்மையாப் போகேல்லை எண்டு அவையளுக்கு எழுதும் தம்பி."

கடைசியில் அவளே எழுதினாள். மற்றக் கல்லூரியின் கடிதத்தையும் அப்பாவின் சம்பளச் சீட்டையும் இணைத்து, ஒரு வரியும் சேர்த்தாள்: "என் தந்தை விலகிப் போகவில்லை. கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தார்."

உதவித்தொகை உயர்ந்தது.

"லண்டனிலை இல்லாத கம்பஸோ? அமெரிக்காவே வேண்டாம் எண்டிருந்தால் பிள்ளை வீட்டிலை நிண்டிருக்கும்" என்றார் மீன்கடைக்காரர். 

செப்டெம்பரில் ஹீத்ரோவுக்கு என் காரில்தான் போனோம். நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அண்ணை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார், மிக மெதுவாக.

காரில் ஏறியபின் சொன்னார்: "நாலடி நடந்தன். 'அப்பா' எண்டு கூப்பிட்டவள். திரும்பினன். ஆளைக் காணேல்லை."

இப்போது மீன்கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறார். கடைக்காரர் பயந்துபோய், "அண்ணை, சுகமில்லையோ?" என்று கேட்டார். வாசலை விட்டு இறங்கும் அந்த நாலடியை மட்டும் இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறார்.

அன்று தர்சிகா கூப்பிட்டாளா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை. அதன்பின் அவளோடு பலமுறை போனில் பேசியிருக்கிறேன். அதை மட்டும் கேட்கவில்லை.