சொங்கியின் ரத்தத்தில் இரண்டு கோடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே யாரும் சுகமாக இல்லை.

மூன்று மாதப் பயிற்சிக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போனாயே பூனைக்குட்டி, அந்தச் சொங்கிக்குத் தடுப்பூசி போட நேற்று கூட்டிப் போனேன். டாக்டரம்மா முதலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார். சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. உடனே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். உன் அம்மா விஷயத்திலும் டாக்டர் முதலில் நாற்காலியைத்தான் இழுத்தார்.

"இது பூனைங்களுக்கு வர்ற வைரஸ் சார். ரத்தத்துல உதவி அணுன்னு ஒரு வெள்ளை அணு இருக்கு. அது சொன்னாத்தான் மத்த அணுவெல்லாம் கிருமியோட சண்டைக்குப் போகும். இந்த வைரஸ் அதைத்தான் பிடிக்கும்" என்றார். முப்பத்தொரு வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தவனிடம் இதைச் சொல்லலாமா? நான் நாலு நாள் லீவு போட்டாலே ஆபீசில் ஒரு ஃபைல் நகராது!

"கொல்லுற அணுன்னு இன்னொண்ணு இருக்கு, அது வைரஸை ரொம்ப வருஷம் அடக்கி வைக்கும், பயப்படாதீங்க" என்றார். 'கொல்லுற' மட்டும்தான் என் காதில் விழுந்தது. நாலு மாதக் குட்டிக்குள் இத்தனை அடிதடியா? "என்னைப் பிறாண்டியிருக்கே, எனக்கும் வருமா?" என்று மூன்று தடவை கேட்டேன். மனுஷனுக்கு வராது என்று மூன்று தடவையும் சொன்னார். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாக. மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்கத் தெம்பில்லாமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் முகமூடி, கையுறை மாட்டிக்கொண்டு சாப்பாடு வைத்தேன். என் கோலத்தைப் பார்த்துப் பயந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "வாடா கண்ணு, தாத்தாதான்டா" என்று தரையில் படுத்துக் கெஞ்சினேன். ஒரே ஒரு தும்மல் கேட்டது. கடைசி உதவி அணுவும் போய்விட்டது என்றே நினைத்து, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதேன். அப்புறம்தான் வந்து மடியில் ஏறியது. அதன் நெஞ்சு படபடப்பது என் கையில் தெரிந்தது. இன்னொரு தடவை இதையெல்லாம் பார்க்க என்னால் ஆகாதும்மா. பயிற்சி கிடக்கட்டும், உடனே கிளம்பி வந்து குட்டியைக் கொண்டு போ.

உன் வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றும் நல்லபடியாக இருக்க ஆசீர்வதிக்கும்,
அப்பா

பி.கு.: இப்போதுதான் டாக்டரம்மா போன் செய்தார். "சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஓடிட்டீங்களே சார்! டெஸ்ட்ல தெரிஞ்சது வைரஸ் இல்லை, அதை எதிர்க்கிற பொருள். குட்டிக்கு அது தாய்ப்பால்லேர்ந்தும் வந்திருக்கலாம். அதுக்கு ஆறு மாச வயசு ஆகட்டும், மறுபடி பார்ப்போம்" என்றார். பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அந்த இரண்டு மாதமும் சொங்கி என் கண்ணெதிரிலேயே இருக்கட்டும். டிக்கெட் எதுவும் எடுத்துவிடாதே.