மொதல்லேர்ந்து சாரின் கிட்டார்

ஒரே பாட்டின் முதல் பாதியை உலகத்திலேயே அதிகத் தடவை வாசித்த மனிதர் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில், நானும் இரண்டு தோழிகளும் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிறார். இரண்டாம் பாதியை அவர் தொட்டதே இல்லை. நடந்தவற்றை வரிசை போட்டுச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. ஐந்தாம் மாடிக்காரர் ஒரு கிட்டார் வாங்கினார்.

2. அவர் மனைவி அதை முன்னறையிலிருந்து படுக்கையறைக்கும், அங்கிருந்து பால்கனிக்கும், கடைசியில் குளியலறைக்கும் நாடு கடத்தினார்.

3. குளியலறையில் எதிரொலி பிரமாதமாக இருப்பதைக் கண்டுபிடித்த அவர், தான் நாடு கடத்தப்பட்டதையே மறந்துபோனார்.

4. எங்கள் கட்டடத்தில் குழாய்கள் இறங்குவதற்காக மொட்டைமாடியிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை கிணறு மாதிரி ஓர் இடைவெளி உண்டு. எல்லாக் குளியலறை ஜன்னல்களும் அதில்தான் திறக்கும்.

5. ஆகவே காலையில் யார் குளித்தாலும் அவரோடு சேர்ந்துதான் குளிக்க வேண்டியிருந்தது.

6. குடியிருப்போர் சங்கம் அவசரமாகக் கூடியது.

ஆறாவதற்குப் போகுமுன் ஆளைச் சொல்லிவிட வேண்டும். பிறந்து வளர்ந்தது கரமனை அக்ரகாரத்தில். வேலை ஐ.டி. பார்க்கில், மென்பொருளைச் சோதித்துத் தப்புக் கண்டுபிடிப்பது. நாற்பது தாண்டிய பிறகு ஒரு நாள், கண்ணாடியில் தன் கையைப் பார்த்து, இது கிட்டார் வாசிக்கும் கை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கண்ணாடியை என்ன செய்யலாம் என்று அவர் மனைவி இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கிட்டாரில் எஃப் என்று ஒரு கார்டு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும் ஒரு பிடி, உண்டு. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். கற்றுக்கொள்பவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் கிட்டாரை விற்கிறார்கள். நம்மவர் விற்கவில்லை. பாட்டு அழகாகப் புறப்படும், இரண்டு வரி போகும், எஃப் வரும். கம்பி பேசாது. காலி பிளாஸ்டிக் வாளியைத் தட்டியதுபோல் 'டப்' என்று ஒரு சத்தம். உடனே குழாய்க் கிணறு வழியாக அவர் குரல் இறங்கும். "ம்ம். மொதல்லேர்ந்து."

'மொதல்லேர்ந்து சார்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. மலையாளம் மட்டுமே பேசும் இரண்டாம் மாடிக் குடும்பத்துக்கும் அவர் 'மொதல்லேர்ந்து சேட்டன்'தான். அது அவருடைய குடும்பப் பெயர் என்று அவர்கள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாளம் பிசகாமல் இருக்க, டிக் டிக் என்று தட்டும் ஒரு செயலியைப் போனில் ஏற்றினார். மூன்றாம் மாடியில் குழாய் சொட்டுவதாகப் பிளம்பரைக் கூப்பிட்டார்கள். பிளம்பர் அந்த மாடியின் குழாய்களை எல்லாம் இறுக்கினார். டிக் டிக் நிற்கவில்லை. மற்ற மாடிகளையும் இறுக்கினார். அன்று சாயங்காலம் கட்டடத்தில் ஒருவராலும் ஒரு குழாயையும் திறக்க முடியவில்லை. டிக் டிக் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

விரல் நுனிகள் காய்த்துத் தடித்தால் கம்பி நன்றாகப் பதியும் என்று எங்கோ படித்தார். லிஃப்டில், கேண்டீன் மேஜையில், மீட்டிங்கில், கை கிடைத்த இடத்திலெல்லாம் நுனியைத் தேய்த்தார். நன்றாகவே காய்த்தது. அலுவலகத்தில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் இயந்திரம் அவரை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது. பதிவின்படி அந்த மாதத்தில் பெரும்பாலும் அவர் வேலைக்கே வரவில்லை. மனிதவளப் பிரிவில் விளக்கம் கேட்டபோது, எஃப் கார்டு என்று ஆரம்பித்து விரிவாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் பாதியிலேயே எழுந்து கையெழுத்துப் போடும் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கரமனைக்குப் போனார். அங்கே அவருடைய அக்கா இருக்கிறார். வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற தெரு. சங்கீதம் தெரியாத சுவர் ஒன்றுகூட அங்கே கிடையாது. முதல் 'டப்' விழுந்ததும் இடப்பக்கச் சுவர் இருமியது. இரண்டாவதற்கு வலப்பக்கச் சுவர், சுருதி இறங்கியிருக்கிறது என்று தகவல் சொன்னது. அக்கா காப்பியோடு வந்து நின்றாராம். "டேய், நீ எப்ப வேணும்னாலும் வா. சாப்பிடு, தூங்கு. இத மட்டும் அழைச்சுண்டு வராதே." சார் மாலை பஸ்ஸிலேயே குளியலறைக்குத் திரும்பினார்.

எனக்கு ஒரு பழக்கம். ஒரு பிழையைக் கண்டால் அதை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பார்க்கவேண்டும். ஒருநாள் லிஃப்டில் அவரிடம், எஃப் வரும் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தால் என்ன என்று கேட்டேன். பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏம்மா, நீயும் இதே பார்க்கிலதானே வேல பாக்கறே. டெஸ்ட் நடுவுல ஃபெயில் ஆனா நடுவுலேர்ந்தா ஓட்டுவா? மொதல்லேர்ந்துதானே ஓட்டணும்?"

எஃப் இல்லாமலே வாசிக்க ஒரு சுலப வழி உண்டு, கம்பிகளின் மேல் ஒரு கிளிப்பை மாட்டினால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். முகம் இறுகிவிட்டது. "ப்ரோக்ராம்ல பக் இருந்தா சரி பண்ணணும். சுத்திண்டு போகப்படாது." ஐந்தாம் மாடி வந்தது. என் மாடி ஏற்கெனவே போயிருந்தது.

இனி ஆறாவது. எங்கள் சங்கத்தின் செயலாளர், ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. கடைக்குப் போகுமுன் குளிப்பவர். கூட்டத்தில் அவர் சொன்ன குறை, கிட்டாரைப் பற்றியதே அல்ல. "பாட்டு கேக்கதுல எனக்கு ஒண்ணும் இல்ல சாரே. ஆனா முடியணும் அல்லே? தலையில தண்ணிய மோந்து வச்சிக்கிட்டு முடியும் முடியும்னு நிக்கேன். முடியவே மாட்டேங்கு. நாள் முழுக்கக் கடையில ஏதோ பாதியில விட்ட மாதிரியே இருக்கு, கேட்டேளா."

கூட்டம் முழுவதும் தலையாட்டியது. எல்லோருக்கும் அதேதான். தீர்மானம் போட்டார்கள். ஓண விழாவில் சார் அந்தப் பாட்டை முழுசாக வாசிக்க வேண்டும். வாசித்தால் கிட்டார் இருக்கலாம். இல்லாவிட்டால் அது கட்டடத்தை விட்டுப் போக வேண்டும்.

சார் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "நாள் பூரா அடுத்தவா தப்பக் கண்டுபிடிக்கறதுதான் எனக்கு ஜோலி. இதுல மட்டும்தாம்மா தப்பு என்னோடது. இதையும் எடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அடுத்த நாளிலிருந்து குளிக்கும்போது எஃப் வரும் இடத்தில் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஓணம் வந்தது. கார்களை வெளியே அனுப்பிவிட்டு, நிறுத்துமிடத்தில் பூக்களம் என்னும் பூக்கோலமும் மேடையும் போட்டார்கள். பெண்களின் திருவாதிரை நடனத்துக்கும் வடம்வலி என்கிற கயிறிழுக்கும் போட்டிக்கும் நடுவில் சாருக்கு இடம். எஞ்சினியர் என்பதால் என்னை ஒலிப்பெட்டி பக்கம் உட்கார்த்தி, ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். கிட்டாரின் உடம்பில் ஒட்டிய மைக் மட்டும் என் காதில் கேட்கும்படி வைத்துக்கொண்டேன்.

தங்கக் கரை போட்ட கசவு வேட்டியில் சார் வந்து உட்கார்ந்தார். மனைவி முதல் வரிசையில், வெடிக்கப்போகும் பட்டாசைப் பார்க்கிற முகத்தோடு இருந்தார். பாட்டு புறப்பட்டது. யாரும் சொல்லாமலே மொத்தக் கட்டடமும் கூடச் சேர்ந்து முனகியது. பழக்கம் அப்படி. ஒரு வரி, இரண்டு வரி. எஃப் வந்தது.

கார் நிறுத்துமிடம் முழுவதும், குழந்தை முதல் கிழவர் வரை, ஒரே குரலில் சொன்னது: "டப்."

சாரின் கை நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சிலர் "மொதல்லேர்ந்து" என்று எடுத்துக்கொடுத்தார்கள். சார் சிரிக்கவில்லை. கிட்டாரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்ல, இப்ப வந்துது," என்றார். "சத்தியமா வந்துது. யாருமே கேக்கலையா?"

யாருமே கேட்கவில்லை. அண்ணாச்சி கையமர்த்தினார். எல்லோரும் வாயை மூடச் சொல்லி, சாரை மறுபடி வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை பூ விழுந்தால் கேட்கும் அமைதி. ஒரு வரி, இரண்டு வரி, எஃப். அந்த அமைதியில் கிட்டார் தெளிவாகச் சொன்னது: டப்.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. சார் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி, உறையைத் தேட ஆரம்பித்தார். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசும் வழக்கம் எனக்கு இல்லை.

"அண்ணாச்சி, மொத தடவ வந்துச்சு. நான் கேட்டேன்."

"நீ கேட்டியா? நாங்க அத்தன பேரும் கத்துனோமே பிள்ளே."

"எனக்கு ஹெட்போன்ல கிட்டார் மட்டும்தான் கேட்டுச்சு. ஆறு கம்பியும் பேசிச்சு."

சார் உறையை ஒரு கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். அண்ணாச்சி மோவாயைத் தடவினார். பிறகு வத்தல் மூட்டைக்கு விலை சொல்கிற குரலில் தீர்ப்புச் சொன்னார். "சரக்கு வந்து எறங்கியிருக்கு. நாமதான் வாசல மறிச்சிக்கிட்டு நின்னுட்டோம். அதுக்கு அவரு என்ன செய்வாரு? பாட்டு முடியல, அது சரி. ஆனா நிறுத்துனது நாமதானே. அடுத்த ஓணம் வரைக்கும் கெடு."

அண்ணாச்சியின் மனைவி பின்னாலிருந்து, எல்லோரையும்விட உரக்க 'டப்' சொன்னது யார் என்று விசாரித்தார். அண்ணாச்சி உடனே வடம்வலியை ஆரம்பிக்கச் சொன்னார்.

சார் எனக்கு நன்றி சொல்லவில்லை. கயிறு இழுக்கப் போகிற கூட்டத்தின் நடுவே வந்து, "ஆறும் பேசித்தா? மூணாவது கம்பியும்?" என்று கேட்டார். மூன்றாவதும் பேசியது என்றேன். அதைக் கேட்டுக்கொண்டு போய், வடம்வலியில் தப்பான அணியில் நின்று இழுத்தார்.

இப்போதைய நிலவரம் இது. எஃப் பெரும்பாலும் வருகிறது. அதற்கு அடுத்த கார்டு வரவில்லை; அந்த இடத்தில் 'டொக்' என்று ஒரு புதுச் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு மொதல்லேர்ந்துதான். அண்ணாச்சி இப்போதெல்லாம் ஒரு வரி கூடுதலாகக் குளிக்கிறார். போன மாதம் என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே, நான் மட்டும் இருக்க ஒரு வீடு கிடைத்தது. போய்ப் பார்த்தேன். நல்ல வெளிச்சம், நல்ல தண்ணீர், குளியலறையில் ஒரு சத்தமும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, பழைய வீட்டு ஒப்பந்தத்தையே இன்னும் பதினொரு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன். அதற்குள் ஓணம் வந்துவிடும்.